பார்த்தவர் சொல்: திரைப்படம், தொலைக்காட்சி, வீடியோ கேம் குறித்த பொதுக் கருத்தின் மதிப்பு

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் ஆகியவற்றைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் பெரும்பாலானவை அவற்றைப் படைத்தவர்களையோ, அவற்றில் புழங்கும் முதலீட்டையோ, தேர்ந்த விமர்சகர்களின் மதிப்பீட்டையோ பொருளாகக் கொண்டவை. பார்த்து முடித்த, ஆடி முடித்த சாதாரண மனிதர் பக்கத்து வீட்டாரிடமும் உடன் வேலை செய்பவரிடமும் போகிற போக்கில் சொல்லும் கருத்து, எழுத்தில் நிற்காததாலும் காரணகாரியத்தோடு விரித்துரைக்கப்படாததாலும், ஆய்வுக்குரிய பொருளாக வெகுகாலம் மதிக்கப்படவில்லை. ஆயினும் இம்மூன்று தொழில்களும் விமர்சகர்களுக்கு அஞ்சியதைவிட அந்தப் பேச்சுக்கே அதிகம் அஞ்சி வந்திருக்கின்றன. அத்தகைய கருத்தின் வலிமை, சொல்பவரும் கேட்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருப்பதிலேயே அடங்கியிருக்கிறது என்பதும், அந்த அறிமுகத்தைக் கழித்துவிட்டு வெறும் எண்ணாகத் திரட்டும்போது அது வேறொரு பொருளாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் நிலைப்பாடு.

விமர்சனத்துக்கும் இவ்வகைக் கருத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தரத்தின் அடிப்படையில் வகுப்பது வழக்கமாக இருந்தாலும், உண்மையான வேறுபாடு அவை விடை கூறும் கேள்விகளில்தான் இருக்கிறது. ஒரு படைப்பு எத்தகையது, எவ்வாறு கட்டப்பட்டிருக்கிறது, அது எந்த மரபில் வருகிறது என்ற கேள்விகளுக்கு விமர்சகர் விடை தேடுகிறார். திரையரங்கிலிருந்து வெளியே வருபவரோ, எதிரே நிற்கும் இன்னார் இந்தப் படத்துக்குப் போகலாமா என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்கிறார். ‘ஒரு தடவை பார்க்கலாம்’, ‘முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி இழுவை’, ‘குடும்பத்தோடு போகலாம்’, ‘டிவியில் போடும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று தமிழ்நாட்டில் நாள்தோறும் வழங்கும் தீர்ப்புகளைச் சற்று அருகில் வைத்து நோக்கினால் இது விளங்கும். முதலாவது, டிக்கெட் பணம் வீண்போகாது, ஆனால் மறுபடி பார்க்கத் தோன்றாது என்று கணக்கிட்டுச் சொல்கிறது. இரண்டாவது, இடைவேளை என்னும் இந்தியத் திரையரங்கு வழக்கத்தைச் சார்ந்து கதையின் கட்டமைப்பை இரண்டாகப் பிளந்து எடைபோடுகிறது. மூன்றாவது, படத்தின் தரத்தைப் பற்றி எதுவும் கூறாமல், தாயும் பிள்ளையும் ஒரே வரிசையில் அமர்ந்து கூச்சமின்றிப் பார்க்க முடியுமா என்பதை மட்டும் கூறுகிறது. நான்காவது, காசு கொடுத்துப் பார்க்கும் தகுதிக்கும் இலவசமாகப் பார்க்கும் தகுதிக்கும் இடையே கோடு கிழிக்கிறது. பணம், நேரம், உடன்வருபவர் ஆகிய மூன்றையும் இவ்வளவு சுருங்கச் சொல்லும் ஆற்றல் அச்சு விமர்சனத்துக்கு அரிதாகவே வாய்க்கிறது.

இத்தீர்ப்பைக் கேட்பவரும் அதை அப்படியே விழுங்குவதில்லை. முதல் நாள் முதல் காட்சி பார்த்த தீவிர ரசிகர் ‘படம் தெறி’ என்றால் அதில் பாதியைத் தள்ளுபடி செய்தே மற்றவர் ஏற்கிறார். எதையும் எளிதில் பாராட்டாத ஒருவர் ‘பரவாயில்லை’ என்றால் அதை உயர்ந்த பாராட்டாக எடுத்துக்கொள்கிறார். தமக்கு ஒருபோதும் ஒத்துவராத ரசனை கொண்ட நண்பர் ‘அறுவை’ என்று முகம் சுளித்தால் அதையே அப்படத்துக்குப் போவதற்கான காரணமாகக் கொள்கிறார். சொல்பவரின் ரசனை கேட்பவருக்குத் தெரிந்திருக்கும்வரை, எப்போதும் மாறுபடும் கருத்தும் எப்போதும் ஒத்துப்போகும் கருத்தைப் போலவே பயன் தருகிறது. கருத்து என்பது இங்கே ஒரு செய்தியாகவும், அதைச் சொல்பவரை அறிந்திருத்தல் அச்செய்தியைத் திறக்கும் சாவியாகவும் அமைகின்றன.

சமூகவியல் இதனை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே கண்டுகொண்டது. எலிஹு கட்ஸும் பால் லாசர்ஸ்ஃபெல்டும் 1955இல் வெளியிட்ட நூல், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டிகேட்டர் நகரில் ஏறத்தாழ 800 பெண்களிடம் எடுத்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. ஊடகங்கள் மக்களை நேரடியாக ஆட்டுவிக்கின்றன என்ற அக்கால நம்பிக்கையை மறுத்து, செய்தியானது முதலில் சிலரைச் சென்றடைந்து அவர்கள் வாய்வழியே மற்றவர்களுக்குப் பரவுகிறது என்று அந்நூல் நிறுவியது. அச்சிலரைக் ‘கருத்துத் தலைவர்கள்’ என்று அழைத்தனர்; அதாவது பதவியால் அன்றி, பழகுபவர்கள் நாடிக் கேட்பதால் செல்வாக்குப் பெற்றவர்கள். சந்தைப் பொருள்களைப் பற்றிப் பெரிய குடும்பத்தை நடத்தும் நடுவயதுப் பெண்களிடம் ஆலோசனை கேட்ட அந்நகரம், திரைப்படம் என்று வந்தபோது மணமாகாத இளம் பெண்களிடமே கேட்டது என்பது அவ்வாய்வின் சுவையான முடிவுகளுள் ஒன்று.

தமிழ்ச் சூழலைப் பொறுத்தவரை, 1980களில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல் தனியிடம் பெறுகிறது. தமிழ் சினிமாவை அரசியல் கருவியாக ஆராய்ந்தவர்கள் பலர் இருக்க, கைத்தொழில் செய்வோரும் கூலி வேலை செய்வோரும் தாங்கள் பார்த்த படத்தைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைக் காதுகொடுத்துக் கேட்டவர் அவர். சினிமாவை வெறும் பொழுதுபோக்கு என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டவர்களின் பேச்சிலேயே குடும்பம், வர்க்கம், மரியாதை பற்றிய ஆழ்ந்த கவலைகள் இழையோடியதை அவ்வாய்வு காட்டியது. அதுபோன்ற நீண்ட கள ஆய்வுகள் தமிழில் மிகக் குறைவாகவே நடந்திருப்பது வருந்தத்தக்கது.

வாய்வழிப் பேச்சு ஒரு படத்தின் தலைவிதியை மாற்ற வேண்டுமானால் அதற்குக் காலம் வேண்டும் என்பதைத் தமிழ்த் திரைப்பட வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது பலரும் அறிந்ததே. அதனினும் இவ்விடத்துக்குப் பொருந்துபவை, தொடக்கத்தில் தோல்வி என்று கருதப்பட்டுப் பின்னர் மக்கள் பேச்சால் எழுந்து நின்ற படங்கள். வாங்குவதற்கு விநியோகஸ்தர்கள் முன்வராததால் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தாமே வெளியிட்ட ‘16 வயதினிலே’ (1977), முதல் சில வாரங்கள் கூட்டமின்றி இருந்து பின்பு நூறு நாள்களை எட்டிய மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978), புதுமுகங்களை மட்டுமே நம்பி வெளியாகி மெல்ல மெல்ல இளைஞர்களை இழுத்து ஓராண்டு ஓடிய ‘ஒருதலை ராகம்’ (1980), வாங்க ஆளில்லாமல் காத்திருந்து சிறிய அளவில் திரையிடப்பட்டு வாரந்தோறும் வளர்ந்த பாலாவின் ‘சேது’ (1999) ஆகியவை இதற்குச் சான்றுகள். பிலிம் பிரதிகள் குறைவாகவே எடுக்கப்பட்ட அக்காலத்தில், விநியோகஸ்தர்கள் ‘ஏ, பி, சி சென்டர்’ என்று வகைப்படுத்திய பெருநகரம், சிறுநகரம், கிராமம் என்னும் அடுக்குகளில் படம் படிப்படியாக இறங்கிச் சென்றது. ஓரிடத்தில் பார்த்தவரின் பேச்சு அடுத்த இடத்துக்குப் படப்பெட்டிக்கு முன்பாகவே சென்று சேர்ந்தது. டூரிங் டாக்கீஸில் படம் மாறும் நாளன்று தரை டிக்கெட்டுக்கு வந்து நின்றவருக்கு அப்படத்தைப் பற்றி ஏற்கெனவே ஓரளவு தெரிந்திருந்தது.

இன்றைய நிலை இதற்கு நேர்மாறானது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் வெளியாகும் பெரிய படம் தன் வசூலின் பெரும்பங்கை முதல் வார இறுதியிலேயே எடுத்துவிட வேண்டியிருப்பதால், பேச்சு பரவுவதற்கு வாரங்கள் கிடைப்பதில்லை. காலைக் காட்சி முடிந்து வெளியே வருபவர் முன் நீட்டப்படும் யூடியூப் ஒலிவாங்கி, பக்கத்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதை லட்சக்கணக்கான அந்நியருக்குச் சொல்ல வைக்கிறது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகிய படங்களுக்கு அவ்வகைக் கருத்துகள் கேடு விளைவித்ததாகக் கூறிய தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் தரப்பு, திரையரங்க வளாகத்துக்குள் அத்தகைய பதிவுகளை அனுமதிக்கலாகாது என்று 2024 நவம்பரில் அறிக்கை விட்டதோடு, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடியது. விமர்சிப்பது கருத்துரிமை என்று சுட்டிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. கேரள உயர் நீதிமன்றத்தில் இதையொத்த வழக்கில், நீதிமன்றத்துக்கு உதவும் பொருட்டு நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், முதல் 48 மணி நேரத்துக்கு விமர்சனத்தை நிறுத்தி வைக்கலாம் என்று 2024 மார்ச்சில் பரிந்துரைத்திருந்தார். பணம் பெற்றுக்கொண்டு ஒரு படத்தைத் தூக்குவதோ தாக்குவதோ கண்டிக்கப்பட வேண்டியதே. ஆனால் அதைக் காரணம் காட்டிக் காசு கொடுத்துப் பார்த்தவரின் வாயைக் கட்ட முயல்வது எவ்வகையிலும் நியாயமாகாது. முதல் மூன்று நாளில் டிக்கெட் எடுப்பவருக்கும் அவருக்கு முன் பார்த்தவரின் எச்சரிக்கையைக் கேட்கும் உரிமை உண்டு.

முதல் தீர்ப்பே இறுதித் தீர்ப்பு ஆகிவிடுவதில்லை என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கது. பாடலே இல்லாமல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) வெளியானபோது வசூலில் தோற்றது. இன்று தமிழின் தலைசிறந்த படங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறது. 2003 பொங்கலுக்கு வந்து அரங்குகளில் எடுபடாத ‘அன்பே சிவம்’, தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி ஒளிபரப்பான பிறகே பலருடைய நேசத்துக்குரிய படமாயிற்று. அமெரிக்காவில் ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ (1946) என்னும் படத்தின் பதிப்புரிமை 1974இல் புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் அதைக் கட்டணமின்றி ஆண்டுதோறும் ஒளிபரப்பின; அதன் பயனாகத்தான் அது கிறிஸ்துமஸ் காலத்துப் படமாக அந்நாட்டு மக்கள் மனத்தில் குடியேறியது. திரையரங்கில் சோபிக்காத ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ (1994) கேபிள் தொலைக்காட்சியின் வழியே மீண்டதும் இவ்வாறே. டிக்கெட் விலை, பண்டிகைக் கூட்டம், நட்சத்திர எதிர்பார்ப்பு ஆகியவை நீங்கிய வீட்டுக்கூடத்தில், அதே பார்வையாளர் அதே படத்தைப் பற்றி வேறு கருத்துக்கு வந்தது அவருடைய ரசனை உயர்ந்துவிட்டதால் அன்று, அவர் எடைபோட்ட தட்டுகள் மாறிவிட்டதால்தான்.

திரைப்படத்துக்கு இரண்டாம் நீதிமன்றமாக விளங்கிய தொலைக்காட்சி, தன் சொந்த நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை கருத்தைக் கேட்பதே இல்லை. பார்ப்பவரின் எண்ணிக்கையை மட்டுமே கேட்கிறது. டிஆர்பி என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட சில வீடுகளில் கருவி பொருத்தி, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கணித்துப் பெறும் அளவு. 2020இல் மும்பைக் காவல்துறை டிஆர்பி மோசடி வழக்கைப் பதிவு செய்தபோது, நாடு முழுமைக்குமான கணக்கு சுமார் 44,000 வீடுகளை நம்பியே இருந்தது. செய்தி அலைவரிசைகளின் கணக்கு வெளியீடு அதன்பின் 2022 மார்ச் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. பார்ப்பதும் பிடிப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த அளவீடு உணர்த்தாது. ‘டல்லாஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றி எழுதுமாறு நெதர்லாந்தின் பெண்கள் இதழொன்றில் விளம்பரம் கொடுத்து, வந்த 42 கடிதங்களைக் கொண்டு ஆய்வு செய்த இயன் ஆங், அத்தொடரை மனதார வெறுத்துக்கொண்டே தவறாமல் பார்த்தவர்களையும், பிடித்திருப்பதற்காக வெட்கப்பட்டவர்களையும், கேலி செய்வதற்கென்றே பார்த்தவர்களையும் கண்டார். மாமியார் கொடுமையை வைது தீர்த்தபடியே இரவுத் தொடரை விடாது பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் இம்மூவரையும் ஒரே சோபாவில் காணலாம். கருவியின் கணக்கில் அவர்கள் அனைவரும் ஒரே வீடு. 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’ 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பானபோதும் விரும்பிப் பார்க்கப்பட்டது ஏன் என்பதற்கு, ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் பாடுகளைத் தம் வீட்டுக் கதையாகவே பேசிய பெண்களின் பேச்சில்தான் விடை இருக்கும்.

கருத்தையே எண்ணாக்கும் முயற்சிகள் இதிலிருந்து வேறானவை. ஆனந்த விகடன் தன் திரை விமர்சனத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்ட மரபில், ‘16 வயதினிலே’ பெற்ற 62.5 மிக உயர்ந்ததாக இன்றும் நினைவுகூரப்படுகிறது. அது ஒரு பத்திரிகையின் எண். கஞ்சத்தனமான ஆசிரியர் போடும் மதிப்பெண் என்பது வாசகர் அறிந்த ஒன்றாதலால் 45 என்பதே நல்ல படம் என்று அவர் புரிந்துகொண்டார். அமெரிக்காவில் எட் மின்ட்ஸ் 1979இல் தொடங்கிய சினிமாஸ்கோர் என்னும் நிறுவனம், விமர்சகரை விடுத்துச் சாதாரண மக்களையே கேட்பது என்ற நோக்கில், வெளியீட்டு நாளன்று அரங்கிலிருந்து வருவோரிடம் அட்டை கொடுத்து ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை தரம் இடச் சொல்கிறது. டேரன் அரோனாஃப்ஸ்கியின் ‘மதர்!’ (2017) விமர்சகர் பலரின் பாராட்டைப் பெற்றும் அங்கே ‘எஃப்’ வாங்கியது. திகில் படம் என்று நம்பி வந்தவர்களின் ஏமாற்றத்தை அந்த எழுத்து துல்லியமாகவே பதிவு செய்தது.

1998இல் தோன்றிய ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் விழுக்காடு பலராலும் தவறாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. 90 விழுக்காடு என்றால் படத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு மதிப்பெண் என்று பொருளில்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் ஏதோ ஓரளவில் சாதகமாக எழுதினர் என்பதே பொருள். ஆகவே எல்லோரும் ‘பரவாயில்லை’ என்ற படம் நூறு விழுக்காடு பெறும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி மீதிப் பேர் தூக்கி எறிந்த துணிச்சலான படம் ஐம்பதில் நிற்கும். பார்வையாளர்கள் வாக்களித்து மதிப்பிடும் ஐஎம்டிபி தளத்தில் 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ 9.6 என்ற எண்ணுடன் உலகப் புகழ்பெற்ற படங்களை முந்தியபோது தமிழர் பலர் பெருமிதம் கொண்டனர். அவ்வாக்குகளில் படத்தின் கலைக்கு எத்தனை, அது எடுத்துப் பேசிய இருளர் மக்களின் நீதிக்கு எத்தனை என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. இரண்டுமே மதிக்கத்தக்க காரணங்கள். ஆயினும் இவை வெவ்வேறு காரணங்கள்.

எண் வெளிப்படையாகத் தெரிவதே அடுத்து வரும் கருத்துகளை வளைக்கிறது என்பதற்குச் சோதனைச் சான்றும் உண்டு. மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத 48 பாடல்கள் 14,000க்கும் மேற்பட்டோருக்கு வழங்கப்பட்டன. பிறர் எதைப் பதிவிறக்கினர் என்பது ஒரு சாராருக்குக் காட்டப்படவில்லை. மற்றவர்களோ தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, தத்தம் குழுவினரின் எண்ணிக்கையைப் பார்த்தனர். எண்ணிக்கையைப் பார்த்த குழுக்களில் வெற்றி பெற்ற பாடலுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பெருகியதோடு, ஒரு குழுவில் முதலிடம் பெற்ற பாடல் இன்னொரு குழுவில் பின்தங்கவும் செய்தது. முதலில் பேசிய சிலரின் தற்செயலான விருப்பம், பின்வந்தவர்களுக்குத் தரத்தின் அடையாளமாகத் தோன்றியது.

வீடியோ கேம் துறையில் இந்த எண் ஊதியத்தையே தீர்மானிக்கும் அளவுக்குச் சென்றிருக்கிறது. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ (2010) விளையாட்டை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு, விமர்சனங்களைத் தொகுத்துச் சராசரி காணும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 கிடைத்தால் ஊக்கத்தொகை என்று பேசப்பட்டிருந்தது, கிடைத்தது 84. அதன் படைப்பாளிகளுள் ஒருவரான கிறிஸ் அவெலோன் 2012இல் இதை வெளிப்படையாகக் கூறினார். ஒரே ஒரு புள்ளியில் அத்தனை பேரின் உழைப்புக்கான வெகுமதி நழுவியது கொடுமை என்றே சொல்ல வேண்டும்.

அதே வேளையில், மூன்று கலைகளுள் சாதாரணக் கருத்துக்கு ஓரளவேனும் நேர்மையான வடிவம் கொடுத்திருப்பதும் இத்துறைதான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2013இல் தொடங்கிய முறைப்படி, கருத்து எழுதுபவர் பரிந்துரைக்கிறேன், பரிந்துரைக்கவில்லை என்ற இரண்டில் ஒன்றையே தேர முடியும். அவர் அவ்விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் கருத்துக்கு அருகிலேயே அச்சாகிறது. இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு ஏசுபவரையும், 400 மணி நேரம் ஆடிவிட்டு ஏசுபவரையும் வாசகர் வேறுபடுத்திப் பார்க்கிறார். டீக்கடையில் முகத்தைப் பார்த்து எடைபோட்டதற்கு ஈடான ஒரு தகவல் அங்கே கிடைக்கிறது. வெளியான பின்னும் திருத்தப்படுவது விளையாட்டின் இயல்பாதலால் கருத்தும் அதனுடன் நகர்கிறது. 2016 ஆகஸ்டில் வாக்குறுதி அளித்தவை இல்லை என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’, எட்டாண்டுகளாக இலவசமாகவே மெருகேற்றப்பட்டு அத்தளத்தில் மக்களின் மனத்தை மீட்டெடுத்தது. 2024 மே மாதத்தில் ‘ஹெல்டைவர்ஸ் 2’ ஆட்டக்காரர்கள் சோனியின் கணக்கொன்றைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற அறிவிப்புக்கு எதிராக, சில நாள்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்க்கருத்துகள் குவிந்து, அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. இவ்வாறு கூட்டமாகத் திரண்டு தாக்குவதைத் தொழில்துறையினர் ஒட்டுமொத்தமாகக் கயமை என்கின்றனர். அது முழு உண்மையன்று. விளையாட்டின் உள்ளடக்கத்தைக் காணாமலே வெளியான சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பூஜ்யம் இடப்பட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) நிகழ்வும், காசு கொடுத்து வாங்கிய பொருள் கைவிட்டுப் போவதை எதிர்த்த ஹெல்டைவர்ஸ் நிகழ்வும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாவதை அடுத்து, வெளியான 36 மணி நேரத்துக்குப் பின்னரே பயனர் கருத்தை ஏற்பது என்று மெட்டாக்ரிட்டிக் விதி வகுத்தது பொருத்தமானதே. ஏனெனில் அது வாயை மூடவில்லை, ஆடிப் பார்த்துவிட்டுப் பேசும்படி கோரியது.

தமிழ்நாட்டில் கைபேசி விளையாட்டுகளைப் பற்றி இளைஞர் பேசும் பேச்சு இத்தளங்கள் எதிலும் பதிவாவதில்லை. அங்கே முதல் கேள்வி கதையைப் பற்றியதன்று: இந்தப் போன் தாங்குமா, ஹேங் ஆகுமா, எவ்வளவு டேட்டா தின்னும், நாலு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. திரைப்படத் தீர்ப்பில் டிக்கெட் விலையும் உடன்வருபவரும் இடம்பெற்றது போலவே இங்கும் பொருளாதாரமும் நட்பும் முன்வந்து நிற்கின்றன. 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டபோது எது மாற்று என்று ஊர் ஊராக நடந்த விவாதத்தை எவரேனும் பதிவு செய்திருந்தால், இந்திய இளைஞரின் ரசனையைப் பற்றி எந்த மதிப்பெண் பட்டியலையும்விட அது மிகுதியாகக் கூறியிருக்கும்.

ஓடிடி எனப்படும் இணையவழித் திரைகள் இக்கேள்விக்கு இன்னொரு திருப்பத்தைத் தந்திருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரல் உயர்த்தல், தாழ்த்தல் என்ற முறைக்கு மாறியது. அவ்வாறு இடப்படும் விருப்பம் மற்றொரு பார்வையாளரின் கண்ணுக்குப் படுவதில்லை. அடுத்து எதைக் காட்டலாம் என்று கணிக்கும் நிரலுக்கு மட்டுமே அது செல்கிறது. ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொன்ன கருத்து, முதலில் பலருக்கான எண்ணாகி, இப்போது எவருக்கும் சொல்லப்படாத கட்டளையாக மாறியிருக்கிறது. ‘பேசும் படம்’ (1942), ‘பொம்மை’ (1966) போன்ற இதழ்களின் வாசகர் கடிதங்களும் கேள்வி-பதில் பக்கங்களும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் தேடுவோர் கைக்கு எட்டும் நிலையில் இருக்க, அவற்றுக்குப் பின்வந்த தலைமுறையின் பேச்சு நிறுவனங்களின் கணினிகளுக்குள் பூட்டப்பட்டுள்ளது. மதுரையில் நடந்தது போன்ற கள ஆய்வு இன்று மல்டிபிளெக்ஸ் வாசலிலும், கல்லூரி விடுதியிலும், சீரியல் ஓடும் வீட்டுக்கூடத்திலும் மீண்டும் தொடங்கப்பட வேண்டும். யார், யாரிடம், என்ன உறவில், எதை முன்னிட்டு அக்கருத்தைச் சொன்னார் என்பது ஒவ்வொரு கருத்தோடும் சேர்த்துக் குறிக்கப்பட வேண்டும்.